படைக்கும் முன் எடுத்த பங்கு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு என் மகள் காபி வேண்டாம் என்றாள். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்போது நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டலம் பக்கம் இருக்கும் அவளுடைய கல்லூரியின் பஸ் ஏழு மணிக்கு எங்கள் முக்குரோட்டில் வந்து நிற்கும். அதைத் தவறவிடக் கூடாதென்று அந்தக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருந்தேன். ஆகவே சரியாகச் சொன்னால் ஆறு முப்பத்தைந்து.

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுப்பா" என்றாள்.

"போனையே பாத்துக்கிட்டிருந்தா வலிக்கத்தான் செய்யும்."

நான் சொன்னது அவ்வளவுதான். அவள் சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு போனாள். மாலையில் நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு திரும்பி வந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. பத்தொன்பது வயது.

அந்த ஏழு நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு மன்னிப்பு இருந்தது. மூன்று வருடமாக அதைக் கேட்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அந்த ஏழு நாட்களைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அளப்பதுதான் என் பிழைப்பு. முடி அளவு பிசகினாலும் அந்தப் பாகத்தைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். வீட்டிலும் நான் அப்படித்தான். மகள் பஸ் ஏறியதும் ஒரு போன், கல்லூரி போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன். அவளுடைய தோழிகள் எனக்கு 'கன்ட்ரோல் ரூம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "கன்ட்ரோல் ரூம், நான் பஸ் ஏறிட்டேன், ஓவர்" என்று அவளே போனில் சொல்லிச் சிரிப்பாள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். வேலைக்காக இங்கே வந்து, வேர்க்கடலை விளைந்த நிலத்தில் மனை போட்டபோது ஒன்றை வாங்கிச் சின்னதாக வீடு கட்டினோம். இடது பக்கம் நான் சொன்ன அம்மாவின் வீடு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பம். நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போனபின் அந்த வீட்டுக்காரர் ஒரு ஷேர் ஆட்டோ வாங்கி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் கம்பெனிகளுக்கும் இடையே ஓட்டுகிறார். இரண்டு மாடுகள் மட்டும் மிச்சம். வலது பக்கம் மூன்று மாடிக் கட்டடம். அறைக்கு நாலைந்து பேராகத் தென்மாவட்டத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். மகள் பெரியவளானதும் எங்கள் மொட்டைமாடியில் அந்தப் பக்கம் முழுவதும் பச்சை வலை கட்டிவிட்டேன். அவர்கள் ஒரு தப்பும் செய்ததில்லை. சும்மா ஒரு முன்னெச்சரிக்கை என்று மனைவியிடம் சொன்னேன்.

நாங்கள் கொடுக்காதவர்கள் இல்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். முதல் பங்கு கர்த்தருக்கு, பிறகுதான் நமக்கு. இங்கே வந்த பிறகும் என் மனைவி அதை ஒரு வேளைகூட விட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் கேக்கும் முறுக்கும் தட்டுத் தட்டாகப் போகும். பக்கத்து வீட்டு அம்மா கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, "முட்டை எத்தினி அண்ணி போட்டீங்க?" என்று என் மனைவியிடம் கேட்பார்.

எங்கள் பண்டம் எல்லார் வீட்டுக்கும் போனது. எல்லார் வீட்டுப் பண்டமும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று நாங்கள் வளர்க்கப்பட்டவர்கள். நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே நடத்தியவன். பொங்கலன்று அந்த அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்பேன். அவர் போனதும் பின்பக்கக் காலி மனையில் மேயும் மாட்டுக்கு அதை வாழையிலையில் கொட்டிவிடுவேன். "குடுக்குறவங்க மனசப் பாருங்களேன்" என்று என் மனைவி ஒரு தடவை சொன்னாள். மனசைப் பார்த்தால் கொள்கை என்ன ஆவது என்று கேட்டேன்.

எனக்குத் தோன்றாமல் போனது, அது யாருடைய மாடு என்பது.

மூன்று வருடத்துக்கு முந்தைய பொங்கல். நான் இலையை மாட்டின் முன்னால் வைத்து நிமிர்ந்தபோது மதில் சுவருக்கு மேல் அந்த அம்மாவின் முகம். மாட்டைப் பிடித்துக் கட்ட வந்திருக்கிறார். இலையைப் பார்த்தார். நெய்யில் வறுத்த முந்திரி மேலாக மினுங்கிக்கொண்டிருந்தது. கத்துவார் என்று நினைத்தேன்.

"இன்னாண்ணா இது, மாட்டுக்கு நாளிக்குத்தான பொங்கலு? இன்னிக்கே வெச்சிட்டீங்க?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கயிற்றைப் பிடித்து மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பொங்கலுக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அந்தத் தூக்கை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இனி அந்த வாரம்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். டாக்டர் நிதானமாக எல்லாம் சொன்னார். நிறைய நீராகாரம் கொடுங்கள், தினமும் ரத்தம் பார்க்க வாருங்கள், வயிற்றுவலியோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்றார். நான் ஒரு நோட்டுப் போட்டேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை காய்ச்சலை அளந்து எழுதினேன். மகள் கண்ணைத் திறக்காமலே, "கன்ட்ரோல் ரூம், ரீடிங் எவ்ளோ?" என்பாள்.

சனிக்கிழமை பகலில் காய்ச்சல் இறங்கியது. தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. மறுபடி அளந்தேன். அதே எண். எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்தோத்திரம் என்று எழுதி, ஜெபித்த எல்லாருக்கும் நன்றி போட்டேன். அன்றைய ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. காய்ச்சல்தான் போய்விட்டதே, பிள்ளை தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாலையில் அவள் வயிறு வலிக்கிறது என்றாள். ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாத வயிறு, வலிக்காமல் என்ன செய்யும் என்றேன்.

நாலரை மணி இருக்கும். அவளை வாசலில் நாற்காலி போட்டுக் காற்றாட உட்கார வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா சாணிக் கூடையோடு போனவர் நின்றார். கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். கிட்டத்தட்ட மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. மகளின் முகவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, பாப்பா மூஞ்சி சரியா இல்ல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. எங்க வூட்டுக்காரரு வண்டி வூட்லதான் கீது."

"காய்ச்சல் விட்டுடுச்சும்மா." நோட்டை எடுத்துக் காட்டினேன். உண்மையாகவே பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"நோட்டுல இன்னா எய்திகீதுன்னு எனுக்குத் தெரியாதுண்ணா. மூஞ்சில எய்திகீது."

"காலையில பாக்கலாம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆயிரம் முறை யோசித்துவிட்டேன். குழுவில் நன்றி எழுதிவிட்டது ஒரு காரணம். சொன்னவர் யார் என்பதும் ஒரு காரணம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெரிய காரணம் வேறு. இத்தனை வருடமாக எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் என்று வீட்டிலும் வேலையிலும் பெயரெடுத்தவன் நான். அந்த ஒரு நாள் மட்டும், கையில் சரியான எண்ணை வைத்துக்கொண்டு, பயப்படாமல் இருந்து பார்த்தேன்.

அவர் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவளுடைய கையும் காலும் ஜில்லென்று இருந்தன. நான் வாசலுக்கு ஓடினேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. அந்த அம்மா பின் சீட்டில் பழைய புடவையை மடித்து விரித்துக்கொண்டிருந்தார். முதல் ஷிப்டுக்கு ஸ்டேஷனில் ஆள் வந்து குவியும் நேரம் அது. அவர் கணவர், "சவாரி கெடக்குது சார், ஏறுங்க" என்றார். வழியில் ஒரு கன்டெய்னர் லாரியின் டிரைவரை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மடியில் படுத்திருந்த என் மகள் அதைக் கேட்டு லேசாகச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுகோஸ் ஏறி, கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு பதினைந்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்வேன். திட்டக் கூடாது."

"சொல்லு."

"நான் அத்தை வூட்டுல பொங்கல் சாப்ட்டேன். இந்த வருசமும், போன வருசமும்."

அவள் பக்கத்து வீட்டு அம்மாவைத்தான் அத்தை என்பாள். அவள் அவசரமாகச் சொன்னாள், நான் கோபப்படுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"படைச்சது இல்லப்பா. நீ பொங்கல மாட்டுக்குப் போட்ட அன்னிக்கு நான் போயி சாரி சொன்னேன். அப்ப அத்தை, ஏன் அப்பா சாப்பிடலன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். அப்படியா, எனுக்குத் தெரியாதே, தெரிஞ்சிருந்தா மின்னாடியே எடுத்து வெச்சிருப்பேனேன்னாங்க. அதுலேர்ந்து பானை பொங்குனதும் முதல் கரண்டி எனக்குத்தான். அப்புறந்தான் சாமிக்கு."

"அவங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"மாமா திட்னாரு. சாமிக்கு மின்னாடி யார்னா துன்னுவாங்களா, குத்தம் ஆயிடும்னு. அதுக்கு அத்தை, கொயந்த துன்னா எந்த சாமிய்யா கோச்சிக்கும்னாங்க." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "கோவமாப்பா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம். பேசாம படு" என்றேன்.

கோபம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒரு வார்த்தைதான். நான் அவளுடைய போர்வையைச் சரிசெய்தேன். பிறகு அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அன்று பகல் பிளேட்லெட் வேண்டும், கொடுக்க ஆட்கள் வேண்டும் என்றார்கள். நான் சபைக் குழுவில் எழுதினேன். கை கூப்பிய படங்களும் ஜெபிக்கிறோம் என்ற வார்த்தைகளும் வரிசையாக வந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் பலருக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன், எழுதியதோடு கடமை முடிந்தது என்று போனைக் கீழே வைத்திருக்கிறேன். ஆலய ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் வரவும் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே ஆட்டோக்காரர் எங்கள் தெருவுக்குப் போய், மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கம்பெனிச் சட்டையோடு சிலர், லுங்கியை மாற்றக்கூட நேரமில்லாமல் ஒருவர். முதலில் இறங்கியவர் தென்காசிக்காரர், வெல்டிங் பிரிவில் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணாச்சி, கவலப்படாதிய. எட்டு பேரு வந்துருக்கோம். பத்தலன்னா ரூம்ல இன்னும் ஆளு தூங்குது, எழுப்பிக் கூட்டியாந்துருவோம்."

எனக்கு அந்தப் பச்சை வலை நினைவுக்கு வந்தது. "உங்க ஓவர்டைம் போயிடுமேப்பா" என்றேன்.

"போவட்டும் அண்ணாச்சி. எங்க சூப்பர்வைசர் உறிஞ்சது போக ஒடம்புல மிச்சம் இருக்கான்னுதான் நர்ஸம்மாட்ட கேட்டேன். இருக்காம்." மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஐந்து நாளில் முதல் தடவை. உடனே அழுகை வந்தது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க மாடில வல கட்டுனப்ப ஒரு மாரியாத்தான் இருந்துச்சு. பொறவு நெனச்சோம், நமக்கும் ஊர்ல தங்கச்சி இருக்காள்லா, நாமளும் கட்டத்தான செய்வோம்னு. அத மனசுல வெச்சுக்கிடாதிய."

அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், மன்னிப்பு என்னிடமிருந்து போயிருக்க வேண்டிய இடத்தில்.

குற்றுயிராக வழியில் கிடந்தவனைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன அந்நியனின் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. போர்டில் படம் வரைந்து சொல்வேன். ஒவ்வொரு தடவையும் என்னை அந்த நல்லவனாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். தரையில் கிடக்கிறவன் நானாக இருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. கிடக்கிறவனுக்குக் கொள்கை கிடையாது. யார் தூக்குகிறார்களோ அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஒரு ராத்திரி முந்தி வந்திருந்தால் என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, சில பேருக்கு இப்படி ஆகிவிடுகிறது என்றார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதிலாகவும் இருக்கலாம்.

மறுநாள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பக்கத்து வீட்டுக் குடும்பம் முழுவதும் வந்திருந்தது. செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தெரியாமல் ஆலய வாசலிலேயே கழற்றிவிட்டு, வெயிலில் சுடும் தரையில் ஓரமாக நின்றார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார். கையில் ஒரு முழம் மல்லிகை.

"அண்ணா, உங்க வயக்கத்துல பூ வெக்கலாமா? இல்லன்னா வேணாம்."

அந்த நேரத்திலும் அவர் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். பாப்பாவின் தலைமாட்டில் பூவை வைத்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து மூன்று வேளையும் அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. இரண்டாம் நாள் என் மனைவியிடம், "எங்களுக்குப் பதினாறு நாளு அண்ணி. உங்கள்ல எத்தினி நாளு?" என்று கேட்டார். எங்களுக்கு அப்படி நாள் கணக்கு ஏதும் இல்லை என்று மனைவி சொன்னாள்.

"அப்ப கணக்கு இல்லாம கொண்டாறேன்" என்றார்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை, இன்றைக்கு நானே சமைக்கிறேன் என்று மனைவி அடுப்படிக்குப் போனாள். அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். பழகிய கை, மூன்று பேருக்கு அளந்துவிட்டது. கூடுதல் அரிசியைப் பானையில் திரும்பப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே எடுத்துப் பிடியரிசி டின்னில் கொட்டினாள். அதன்பின் தினமும் அப்படித்தான். முன்பு வாரத்துக்குக் கால் டின் சேரும். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே டின் நிரம்பிவிடுகிறது.

எனக்கு ஜெபம் வரவில்லை. இப்போதும் சரியாக வருவதில்லை. கண்ணை மூடினால் வார்த்தைக்குப் பதிலாக ஒரு கரண்டி வருகிறது. முதல் பங்கு கர்த்தருக்கு என்று சொல்லிக்கொண்டு நான் வாழ்நாளெல்லாம் ஒரு கைப்பிடியை அளந்து வைத்தேன். இந்த அம்மா தன் சாமிக்கு வைப்பதற்கு முன்னால் என் பிள்ளைக்கு எடுத்து வைத்திருக்கிறார். என் விரதம் கெட்டுப்போகக் கூடாதென்று தன் விரதத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவும், தன் பொங்கலை மாட்டுக்குப் போட்டவனுடைய பிள்ளைக்கு. நான் பாடம் நடத்திய அன்பு என்பது எது என்று கேட்டால், இனிமேல் நான் அந்தக் கரண்டியைத்தான் காட்ட முடியும்.

ஆனால் அவரிடம் நான் இதில் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அவர் கொண்டுவந்ததைச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவிக் கொடுத்தேன், அவ்வளவுதான். எனக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது.

பொங்கலுக்கு முந்தின நாள் மனைவியிடம் சொன்னேன்: "நாளைக்கு அவங்க பொங்கல் கொண்டுவந்தா நான் சாப்பிடப் போறேன். தனியா எடுத்து வெக்க வேண்டாம்னு சொல்லப் போறேன். படைச்சதாவே இருக்கட்டும்."

"சபையில கேட்டா?"

"கேக்கட்டும்."

அவள் எழுந்தாள். அலமாரி மேலிருந்து அந்த எவர்சில்வர் தூக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். பிடியரிசி டின்னை அதில் கவிழ்த்தாள். தூக்கு விளிம்புவரை நிறைந்தது. "இந்த வாரம் கர்த்தருக்கு இதுதான்" என்றாள்.

பொங்கலன்று காலை தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். நானே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பத்தடி தூரம். எழுந்து எழுந்து உட்கார்ந்தேனே தவிர, கால் நகரவில்லை. அங்கே அவர்கள் பானை வைத்துக் குலவையிடும் நேரத்தில் இந்த முகத்தோடு போய் நிற்கக் கூடாது என்று ஒரு சாக்கு. வெயில் ஏறியது. பின் தெருவிலிருந்து "பொங்கலோ பொங்கல்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அடுத்த தெருவிலிருந்தும் கேட்டது. எங்கேயோ வெல்லம் காய்ந்து மணந்தது. பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தேன். அவர்கள் வாசலில் கோலம் இல்லை. வழக்கமாக மூன்று செங்கல் அடுக்கும் இடத்தில் ஆட்டோ நின்றது. என் பயம் மறுபடி பிடித்துக்கொண்டது. அவருடைய தாய்வீட்டுக்குப் போய்விட்டார்களோ? யாருக்காவது உடம்பு சரியில்லையோ? அல்லது இந்த வீட்டுப் பக்கம் பொங்கல் வாசமே வரக் கூடாது என்று வேறெங்காவது போய்ப் பொங்குகிறார்களோ? ஒன்பதானது, பத்தானது. இனி வரமாட்டார் என்றே முடிவு செய்தேன்.

பதினொன்றரைக்குக் கேட் கிறீச்சிட்டது.

அவர்தான். பழைய நூல் புடவை, தலையில் பூ இல்லை. ஒரு கையில் மூடிய சட்டி, மறு கையில் குழம்புப் பாத்திரம். நான் எழுந்து அரிசியோடு தூக்கை நீட்டினேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"அட, எங்க தூக்கு! மூணு வருசமா தேடினு கீறேன்."

"அம்மா, அந்த வருசம் மாட்டுக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "பாப்பா எங்கிட்ட எல்லாம் சொல்லுச்சும்மா. முதல் கரண்டி..."

"வுடுங்கண்ணா. மாடே மறந்துட்டிருக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் சட்டியைப் பார்த்தேன். மூடியைத் திறந்தேன். வெள்ளைச் சோறு, ஆவி பறந்தது.

"பொங்கல் இல்லையாம்மா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"இன்னாண்ணா இப்டி கேக்கறீங்க? பொண்ணு போயி மூணு மாசம்கூட ஆவல. எங்க வூட்ல எப்டிண்ணா பொங்கப் பானை ஏத்தறது? இந்த வருசம் எங்களுக்கும் கெடையாது. வெறும் சோறுதான் ஆக்கனேன், எல்லாருக்கும் ஒரே பானையில. ஆறிடப்போவுது, அண்ணியக் கூப்புடுங்க."